மாட்டுக்கு ஒத்துக்கொண்ட தீனி

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் எங்கள் மலேசியத் தோட்டப்புற ஊரில், கால்நடை மருத்துவராக நான் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் வீட்டுக்கு முதல் மாடு எப்போது, எங்கிருந்து வந்தது? படுத்துக் கிடக்கும் ஆட்டைப் பார்க்க அழைத்தால் பழங்கதை கேட்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நோய்க்கான காரணம் அந்தப் பழங்கதைக்குள்ளேயே இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்களுடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தில் கால்நடை மூன்று தலைமுறையாக இருக்கிறது. தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகையில் ஒரு பசுவைக் கட்டினார். தமிழகத்திலிருந்து வந்தவர்களோடு கப்பலேறி வந்த மாடுகளின் வழியில் பிறந்து, இங்கே லெம்பு இந்தியா தெம்பத்தான் என்று பெயர் பெற்ற இனம் அது. பால் குறைவு, ஆனால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். காலையில் மரம் வெட்டி முடித்த பின்பு தாத்தா புல்லறுக்கப் போக, பாட்டி பாலைச் சைக்கிளில் வைத்துக் தோட்ட எழுத்தரான கிராணி வீட்டுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் ஊற்றி வந்தார். 1970-களில் கால்நடைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களைத் திறந்து, பின்னர் சாஹிவால்–பிரீசியன் கலப்பினப் பசுக்களை வெளிநாட்டிலிருந்து தருவித்தபோது, அப்பா அந்தக் கலப்பில் இரண்டு கிடேரிகளைச் சேர்த்தார். பால் பெருகியது, தீனிச் செலவும் பெருகியது.

அதற்குள் தோட்டம் மாறிவிட்டது. பால்மரம் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்ததும், இளங்கன்றுகளின் குருத்தை மாடு கடித்துவிடும் என்று நிர்வாகம் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியது. ஒரு பகுதி விற்கப்பட்டு வீடமைப்பாகியபோது குடும்பம் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரத் தற்காலிக அனுமதி நிலத்துக்குப் போனது. மேய்ச்சல் சுருங்கிய அந்த ஆண்டுகளில் மந்தையைக் காப்பாற்றியது செம்பனைக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் புண்ணாக்குதான். அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான பி.கே.சி. என்றால் எந்தப் பால்காரருக்கும் தெரியும். மலிவானது, மூட்டையாகக் கிடைக்கும், மாட்டின் தோல் பளபளக்கும். இறைச்சி மாட்டின் தீனியில் எண்பது விழுக்காடு வரைகூட, கறவை மாட்டின் தீனியில் பாதி வரை அதைச் சேர்க்கலாம் என்பதால், அப்பா மாட்டுக்கு வைத்த அளவில் தவறே இல்லை.

பேரன் காலத்தில்தான் செம்மறி வந்தது. மலேசியத் தோட்டங்களுக்குச் செம்மறி புதிதல்ல. பால்மரக் காட்டில் களையெடுக்கும் செலவைக் குறைக்கவே செம்மறி மேய்ப்பதை ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்தது; மலின் என்னும் சிறிய உள்ளூர் இனத்தோடு டார்செட் ஹார்ன் என்னும் வெளிநாட்டு இனக் கிடாக்களைக் கலந்து உடல் எடையைக் கூட்டும் முயற்சியும் நடந்தது. பேரனின் கணக்கு அதைவிட எளியது: ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் செம்மறிக்கு நல்ல விலை கிடைக்கும், கொட்டகை சும்மா கிடக்கிறது, தீனி கொடுக்கும் பழக்கம் வீட்டிலேயே இருக்கிறது. நாற்பத்திரண்டு உருப்படிகளை வாங்கி விட்டார்.

பதினான்கு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஆற்றுநீர் ஏறியதால் மந்தையை இரவோடு இரவாக லாரியில் ஏற்றி மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் எனக்கு அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. நான்காவது தலையைத் தொங்கப் போட்டுச் சுவரோரம் நின்றது. அதன் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருக்கவில்லை, பழுத்த மாம்பழத் தோலைப்போல் மஞ்சளாக இருந்தது. அந்த நேரத்தில் அது பலகைத் தரையில் சிறுநீர் விட்டது. பால் ஊற்றாத காப்பியின் நிறம். பாட்டி அதற்குள் கீழாநெல்லியை அரைத்து இரண்டு ஆடுகளுக்குப் புகட்டியிருந்தார். காமாலை என்று அவர் கண்டுகொண்டது சரிதான், காரணம்தான் வேறு.

மஞ்சளும் கறுத்த சிறுநீரும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும், அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தேன். சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கி, அடுப்பில் கரியேறிய சட்டியின் அடியைப்போல் கருத்திருந்தன. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு எடுத்து வைத்துக்கொண்டே வழக்கமான என் கேள்விகளைத் தொடங்கினேன். ஆடு எப்போது வந்தது, வந்த நாளிலிருந்து என்ன தின்றது? “அப்பா மாட்டுக்கு வைத்த அதே கணக்குதான் டாக்டர்” என்றார் பேரன். எனக்கு அதற்குமேல் கேட்கத் தேவையிருக்கவில்லை.

செம்பனைப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். (பனையின் பெயரில் உள்ள செம்மை பழத்தின் நிறத்தால் வந்தது, இந்தச் செம்பு உலோகம்.) கிலோவுக்கு இருபது மில்லிகிராமுக்கு மேலும் இருக்கலாம். மாட்டின் கல்லீரல் வேண்டாத செம்பைப் பித்தநீரோடு ஓரளவு வெளியேற்றிவிடும்; செம்மறியின் கல்லீரல் அந்த வேலையில் மிக மந்தம். அதனால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். ஆடு தின்னும், கொழுக்கும், குட்டி போடும், வெளியே எதுவும் தெரியாது. பிறகு லாரிப் பயணம், பட்டினி, அடைமழை, குட்டி ஈனல் என்று ஏதாவது ஓர் அலைச்சல் வந்ததும் கல்லீரல் தேக்கி வைத்த செம்பு ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் நிறம்தான் சிறுநீரில் காப்பியாக இறங்குகிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஆய்வக முடிவும் பின்னர் இதையே சொன்னது.

பாட்டி என்னிடம் கேட்டார்: “மாட்டுக்கு ஒத்துக்கொண்டது ஆட்டுக்கு ஒத்துக்கொள்ளாதா, டாக்டரம்மா?” வெள்ளாட்டுக்குக்கூட ஓரளவு ஒத்துக்கொள்ளும், செம்மறிக்குத்தான் ஒத்துக்கொள்ளாது என்றேன். அறுபது ஆண்டு அனுபவத்தின்மேல் நான் குறை சொல்லவில்லை. அந்த அனுபவம் மாட்டைப் பற்றியது, அவ்வளவுதான்.

செம்மறி வளர்ப்போர் புண்ணாக்கை அறவே விட வேண்டியதில்லை. மொத்தத் தீனியில் முப்பது விழுக்காட்டைத் தாண்டாமல், நேப்பியர் போன்ற புல்லோடு சேர்த்துக் கொடுக்கலாம். நீண்ட நாள் கொடுப்பதானால், செம்பு ஏறாமல் தடுக்கும் மாலிப்டினம், கந்தகம், துத்தநாகம் ஆகியவற்றை எந்த அளவில் சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் கைக்கணக்கு ஆபத்து. மாடுகளுக்கென்று விற்கும் தாது உப்புக்கட்டியைச் செம்மறிப் பட்டியில் தொங்கவிடுவதும் இதே தவறுதான், இதைப் பலரும் செய்கிறார்கள். மஞ்சள் கண்ட ஆட்டைச் சாகுமுன் அறுத்துக் காசாக்கிவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. அந்த இறைச்சி, குறிப்பாக ஈரல், யார் வீட்டு அடுப்புக்கும் போகக்கூடாது.

அன்று புண்ணாக்கை நிறுத்தி, மீதி ஆடுகளுக்கு அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் அளந்து புகட்டத் தொடங்கினோம். அலைச்சல் கூடாது என்பதால் மந்தையை மேட்டிலேயே விட்டுவைத்தோம். மொத்தம் ஒன்பது ஆடுகள் போயின, முப்பத்துமூன்று பிழைத்தன.

அடுத்த முறை நான் போனபோது பாட்டி தன் பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து வந்து காட்டினார். எந்தப் பசு எந்த ஆண்டு கன்று போட்டது, எது சினை கலைத்தது, எந்தக் கிடேரி யாரிடமிருந்து என்ன விலைக்கு வந்தது என்றெல்லாம் பால் கணக்கின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தார். தொற்றுச் சினைச்சிதைவு பரிசோதனைக்கு எந்த மாட்டின் இரத்தத்தை முதலில் எடுப்பது என்று அந்த ஓரக்குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் பேரன் செம்மறிகளின் காது வில்லை எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே வாங்கிய நாளையும் தின்ற தீனியையும் குறித்து வருகிறார். இப்போது புண்ணாக்கு மூட்டைகள் கொட்டகையின் மறுபுறத்தில், பாட்டியின் இரண்டு பசுக்கள் நிற்கும் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு அடித்திருக்கிறார்கள்.