ரீலோடிங்: கோது மறுநிரப்பு

துப்பாக்கி பற்றிய பேச்சில் ரீலோடிங் என்ற சொல் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கிறது. சுட்டுத் தீர்ந்த துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைப் போடுவது ஒன்று. சுட்டபின் கீழே விழும் வெற்றுக் கோதை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் அடியில் பொறி கிளப்பத் தீர்ந்த பழைய கேப்பைத் தள்ளிவிட்டு, புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, குண்டு செருகி மறுபடி தோட்டாவாக ஆக்குவது இன்னொன்று. முதலாவது நொடியில் முடியும். இரண்டாவது, மேசையில் பொறியைப் பூட்டி வைத்துக்கொண்டு செய்கிற கைத்தொழில். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் தலைமுறைகளாகச் செய்து வருவது. இந்தக் குறிப்பு இரண்டாவதைப் பற்றியது.

அந்தத் தொழிலின் கருவிகளைத் தமிழில் எழுதும்போது "மீண்டும் ஏற்றுதல் உபகரணம்" என்று போட்டால் லாரியில் சரக்கு ஏற்றும் நினைப்புதான் வரும். இலங்கைத் தமிழருக்கு ரீலோட் என்றாலே கைபேசிக்குக் காசு போடுவது. எனவே சரியான சொல் வேண்டும்.

லோட் என்பதன் பழைய ஆங்கில வேர் "லாட்". வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்று பொருள். அதிலிருந்து சுமை, பிறகு சுமை ஏற்றுதல், பிறகு துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் இடுதல் என்று பொருள் நகர்ந்தது. முன்னால் நிற்கும் "ரீ" இலத்தீன் முன்னொட்டு.

கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. இத்தாலிய மொழியில் கார்தோச்சோ என்றால் காகிதச் சுருள். அது பிரெஞ்சில் கார்தூஷ் ஆகி, ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் ஆனது. அந்தக் காலத் தோட்டா உண்மையிலேயே காகிதப் பொட்டலம்தான். 1857 கிளர்ச்சிப் பாடத்தில் வரும் கொழுப்பு தடவிய என்ஃபீல்டு தோட்டாவும் அதே வகை. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டியிருந்தது. சுட்ட பிறகு மறுபடி பயன்படுத்த அதில் எதுவும் மிஞ்சாது. 19ஆம் நூற்றாண்டில் உலோகக் கோது வந்த பிறகுதான் ரீலோடிங் என்ற சொல்லுக்கு இந்த இரண்டாம் பொருள் வாய்த்தது.

நம் "தோட்டா" இந்துஸ்தானி "டோட்டா"விலிருந்து வந்தது, தெலுங்கில் தூட்டா. கல்குவாரியிலும் கிணறு வெட்டும் இடத்திலும் பாறைக்குள் வைக்கிற வெடிப்பொட்டலத்தையும் நம் ஊரில் தோட்டா என்றே சொல்வார்கள். பொட்டலம் என்ற பழைய பொருள் அங்கே அப்படியே இருக்கிறது.

குழப்பம் தொடங்குவது உறுப்புப் பெயர்களில். "உடலில் தோட்டா பாய்ந்தது" என்று செய்திகளில் தினமும் படிக்கிறோம். பாய்வது குண்டு, தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த முழுமை. வெளியே பித்தளைக் கோது, அதன் அடியில் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு. ஈழத் தமிழில் இந்தப் பிரிப்பு தெளிவாக இருக்கிறது: பாய்வதைச் சன்னம் என்பார்கள், சுட்டபின் கிடப்பதைக் கோது என்பார்கள். முட்டைக்கோது, புளியங்கோது என்று நாம் எல்லோரும் அறிந்த சொல்தான் அது. உள்ளீடு போனபின் மிஞ்சும் ஓடு. கேப் என்பதும் புதிதன்று, தீபாவளிக்குச் சுருள் கேப் வாங்காத பிள்ளை உண்டா? அடித்தால் பொறி கிளப்பும் அந்தச் சிறு பொட்டுக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

இனி நிகர்ச்சொல். கெட்டித்தல் என்ற நல்ல பழைய வினை நம்மிடம் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கெட்டிப்பது என்பார்கள். ஆனால் அது குழலுக்குள் குத்தி இறுக்குவது. மறுகெட்டிப்பு என்று எழுதினால் முதலில் சொன்ன இரண்டு பொருளும் மறுபடி ஒன்றாகிவிடும். தோட்டா மறுநிரப்பு என்பது பரவாயில்லை, எனினும் நிரப்பப்படுவது தோட்டா அன்று, கோது. ஆகவே "கோது மறுநிரப்பு" என்பதையே நான் சொல்வேன். எது திரும்பப் பயன்படுகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வாங்கிய புதுக் கோதிலிருந்து தொடங்குவதை ஆங்கிலத்தில் ஹேண்ட்லோடிங் என்று பிரித்துச் சொல்வோர் உண்டு. அதற்குக் கைநிரப்பு போதும்.

கருவிகளுக்கு வருவோம். நீடித்து உழைப்பது எது என்று பார்ப்பவர் முதலில், கோதை அச்சுக்குள் அழுத்தும் பிரஸ்ஸைப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் வாயில் பிரஸ் பிரஸ்தான்; எழுத்தில் அழுத்துபொறி எனலாம். சட்டம் இரண்டு வடிவில் வரும். முன்பக்கம் திறந்த சி வடிவத்தில் கை நுழைக்க வசதி, ஆனால் பெரிய ரைஃபிள் கோதை அழுத்தும்போது வாய் இம்மியளவு விரியும். ஓ வடிவத்தில் சட்டம் முழுதாகச் சுற்றி மூடியிருப்பதால் நெளியாது. ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் இந்த வகை வார்ப்பிரும்புப் பிரஸ். அந்தப் பெயரிலும் ஒரு சொல் கதை இருக்கிறது. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன், ராக் சக் எனப்படும் மலை அணில் வகையை வேட்டையாடச் சிறு குண்டு அழுத்தும் அச்சு ஒன்றைச் செய்தார். "ராக் சக் புல்லட் ஸ்வேஜ்" என்பதன் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயர்.

அலுமினியச் சட்டம் எடை குறைவு, விலையும் குறைவு. கைத்துப்பாக்கிக் கோதுக்கு அது போதும். எந்தச் சட்டமானாலும் தேய்வது கோதை மேலே தள்ளும் நடுத்தண்டும் இணைப்பு ஊசிகளும்தான். சுட்ட கேப்பைத் தள்ளும்போது உதிரும் கரித்தூள் தண்டில் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் போல அராவும். அந்தத் தூளைத் தண்டின் உள்துளை வழியாகவே கீழே இறக்கிவிடும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, வார்ப்பிரும்பா அலுமினியமா என்ற வாதத்தைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

பிரஸ்ஸின் தலையில் திருகுவது, விரிந்த கோதை மறுபடி அளவுக்கு ஒடுக்கும் டை. தமிழில் அச்சு என்றால் முறுக்கு பிழிகிறவருக்கும் புரியும், பட்டறைக்காரருக்கும் புரியும். 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் என்பது பொது அளவாகிவிட்டதால், ஒரு நிறுவனத்தின் அச்சு இன்னொன்றின் பிரஸ்ஸில் பொதுவாக ஏறும். பிரஸ் மாறினாலும் அச்சு நிற்கும் என்பதால் அதில் காசைச் சுருக்கக் கூடாது. கைத்துப்பாக்கியின் நேர்ச்சுவர்க் கோதுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த அச்சு கிடைக்கிறது. மசகு தடவ வேண்டாம், எளிதில் தேயவும் தேயாது. தவறி விழுந்தால் மட்டும் வளையம் விரிசல் விடலாம். கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கோதுக்கு மசகு தடவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கோது அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும்.

கோதின் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிந்து, அச்சில் ஒடுங்கி, கழுத்து இறுகி விறைக்கிறது. கடைசியில் கீறல் விடும். கழுத்தை அளவாகச் சூடுகாட்டி இளக்கினால் ஆயுள் கூடும். இந்தக் கோதை எளிதாகத் திரும்பப் பயன்படுத்த முடிவதே அதன் அடியைப் பொறுத்தது. 1866இல் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் நடுவில் ஒரே துளை வைத்தார். அச்சின் ஊசி அதன் வழியே இறங்கிக் கேப்பைத் தள்ளிவிடும். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹைரம் பெர்டான் வகுத்ததில் நடுவே சிறு பட்டறைக்கல் போன்ற மேடு, பக்கத்தில் இரு துளை. ஊசி இறங்க வழியில்லை. ஆங்கிலேயர் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கர் முறை ஐரோப்பாவில் பரவியது. மறுநிரப்பு அமெரிக்க வீடுகளில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பாளர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் தராசு. மருந்தின் அளவு கிரெயினில் சொல்லப்படும். 7000 கிரெயின் ஒரு பவுண்டு; ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். தானியமணியை எடையாக வைத்த வழக்கு நமக்கும் உண்டு, 4 நெல் ஒரு குன்றிமணி. ஆனால் இங்கே "தானியம்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது, "கிராம்" என்று எழுதினால் 15 மடங்குக்கு மேல் பிசகிவிடும். அளவு பிசகிய மருந்து துப்பாக்கியைச் சுடுகிறவர் கையிலேயே வெடிக்க வைக்கும். கிரெயின் என்றே எழுதுங்கள். தராசில், காந்தத்தால் ஆட்டம் அடங்கும் கோல்தராசு பேட்டரி கேட்காது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும்; மின்தராசு வேகம், ஆனால் அவ்வப்போது எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மருந்து அளவியின் பிளாஸ்டிக் குடுவையில் மருந்தை அப்படியே விட்டுவைத்தால் குடுவை மங்கிக் கெடும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நம் செய்திகளில் வரும் பால்ரஸ் குண்டு, அதாவது சிறு உலோக உருண்டை, நாட்டுத் துப்பாக்கியில் நேராக இடுவது. அதற்குக் கோதே கிடையாது. எனவே அதை மறுநிரப்பு என்று எழுதுவது பிழை.

பயன்பாடு: "துப்பாக்கியில் மறுபடி தோட்டா போட்டான்." "ஒரே கோதைப் பலமுறை மறுநிரப்பலாம். கழுத்தில் கீறல் கண்டால் கழித்துவிட வேண்டும்." "ஓ வடிவ வார்ப்பிரும்புச் சட்டம் கொண்ட கோது மறுநிரப்பு பிரஸ்."