திரைப்படம் ஏற்றிய விலையும் கிடங்கு இறக்கிய விலையும்

அமெரிக்காவில் பழைய போர்த் துப்பாக்கிகளுக்கு மதிப்புச் சொல்வது என் தொழில். தந்தை விட்டுச்சென்ற ரைஃபிளைத் துணியில் சுற்றி எடுத்து வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, "இது அந்தப் படத்தில் வருவதுதானே?" என்பதாகும். படத்தில் வருவதாகவே இருந்தாலும், அது எத்தனை எஞ்சியிருக்கிறது, இனி வருமா என்பதைக் கேட்காமல் விலை சொல்ல இயலாது.

ரஷ்யாவின் மொசின் நாகாந்த் இதற்கு நல்ல உதாரணம். 1891-இல் அந்நாட்டுப் படை ஏற்ற இந்த ரைஃபிள் 3 கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கிடங்குகளில் எண்ணெய் பூசிக் கிடந்தவை பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கு வந்ததால், 2000-களில் 91/30 என்னும் சாதாரணக் காலாட்படை வகையை 100 டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. 440 தோட்டாக்கள் அடைத்த தகர டப்பாக்களும் மலிவாகக் கிடைத்ததால், சுட்டுப் பழகுவதற்கென்றே வாங்கியவர்கள் ஏராளம். இன்று அதே 91/30-க்குப் பல நூறு டாலர் கேட்கிறார்கள். பழைய இருப்பு வற்றியது. 2021-இல் ரஷ்யத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் புதிதாக இறக்குமதி செய்வதற்கு அமெரிக்க அரசு தடை விதித்தது.

திரைப்படத்தின் வேலை வேறு. ஸ்டாலின்கிராடில் மொசின் ஏந்திப் போரிட்ட சோவியத் ஸ்னைப்பர் (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்) வசிலி சாய்த்செவை மையமாக வைத்து 2001-இல் வெளிவந்த 'எனிமி அட் தி கேட்ஸ்' சாதாரண ரைஃபிளின் விலையைப் பெரிதாக அசைக்கவில்லை, ஏனெனில் சரக்கு அப்போது கொட்டிக் கிடந்தது. ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்திய ஸ்னைப்பர் வகைக்கே கிராக்கி கூடியது. கிராக்கி கூடிய இடத்தில் மோசடிக் கைவேலையும் புகுந்தது. போருக்குப் பின் பல ஸ்னைப்பர் ரைஃபிள்களின் ஸ்கோப்பைக் கழற்றி, திருகுத் துளைகளை அடைத்து, சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கிகளாகவே சோவியத் கிடங்குகள் மாற்றியிருந்தன. அவற்றை மீண்டும் துளையிட்டவர்கள் உண்டு. ஸ்னைப்பராக ஒருநாளும் இல்லாத ரைஃபிளில் புதுத் துளை போட்டு, புதிதாகச் செய்த ஸ்கோப்பை மாட்டியவர்களும் உண்டு. ஆகவே, ஸ்கோப்பில் இடிக்காதபடி கீழ்நோக்கி வளைத்த போல்ட் கைப்பிடியை (தோட்டாவை உள்ளே தள்ளும் தண்டின் பிடி) மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடக் கூடாது. ரிசீவரின் (குழலின் பின்முனை பொருந்தும் உலோக உடல்) இடப்பக்கம் துளைகளை அடைத்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்1 காரண்ட் ரைஃபிளின் கதை சற்று மாறுபடும். எட்டாவது தோட்டா தீர்ந்ததும், தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த உலோகக் கிளிப் வெளியே எகிறும் 'டிங்' ஓசையைப் போர்ப் படங்களும் வீடியோ விளையாட்டுகளும் உலகறியச் செய்தன. எனினும் ஏறத்தாழ 54 லட்சம் காரண்டுகள் உருவானதாலும், பொதுமக்களிடையே துப்பாக்கி சுடுதலை வளர்க்க 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சிஎம்பி நிறுவனம் அரசின் உபரியைத் தரவாரியாக அறிவித்த விலைக்கே விற்றதாலும், வெளிச்சந்தையில் கேட்ட விலையெல்லாம் நிற்கவில்லை.

விலையேற்ற வரும் இன்னொன்று குடும்பக் கதை. "தாத்தா வியட்நாமிலிருந்து கொண்டுவந்தது" என்று சொல்லி ஒருவர் நீட்டிய மொசினின் குழலில், இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. வணிக இறக்குமதிக்கு அமெரிக்கச் சட்டம் கேட்கும் முத்திரை அது. படைவீரர் கையோடு கொண்டுவந்ததில் இராது. அவரிடம் அதைக் காட்டி, கடையில் வாங்கிய 91/30-க்குரிய விலையைத்தான் எழுதிக் கொடுத்தேன்.