காசு கட்டும் முன் போர்டின் பட்டியலைப் பாருங்கள்

போன ஆடியில் ஒரு நாள் பொழுதோட, கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகனும் ஈரோட்டில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் பெரிய அட்டைப்பெட்டி. மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். மூன்று மாதமாக எந்தக் கம்ப்யூட்டர் பொருளுக்கு எப்போது ஆஃபர் வந்ததோ, அப்போது அதை ஆன்லைனில் வாங்கிச் சேர்த்திருக்கிறான். வீட்டிலேயே மாட்டிப் பார்த்து, முடியாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“எல்லா ஐட்டமும் இருக்குதுங்ண்ணா. மாட்டிக் குடுத்தீங்கன்னா போதும்” என்றான்.

பிரித்துப் பார்த்தேன். ஐ5-12400எஃப் பிராசஸர், எச்610 போர்டு (மதர்போர்டு), 16 ஜிபி ரேம் இரண்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), கண்ணாடி வைத்த கேபினெட். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் போர்டு டிடிஆர்4 வகை ரேமுக்கானது, வாங்கிய ரேம் அடுத்த தலைமுறையான டிடிஆர்5. இரண்டுக்குமே 288 பின், நீளமும் ஒன்று. நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்தக் கொஞ்சத்தைத் தம்பி கட்டைவிரலால் சரிசெய்யப் பார்த்திருக்கிறான். ரேம் ஸ்லாட்டின் ஓரம் அழுத்தியதில் வெளுத்துப் போயிருந்தது. நல்லவேளை, உடையவில்லை.

இன்னொன்று, பிராசஸர் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த ‘எஃப்’. இன்டெல்லில் எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். கார்டை “அடுத்த ஆஃபர்ல பாத்துக்கலாம்னு” விட்டிருக்கிறான். போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று கேட்டான். ஓட்டை போர்டுடையது, படம் பிராசஸர் தர வேண்டியது. இந்த இடத்தில் ஏமாறாத ஆளே இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “ஏனுங்க, எல்லாம் புதுசுதானுங்களே? அப்புறம் என்னங்க கோளாறு?” என்றார்.

“உங்க கெணத்துல எத்தன எச்பி மோட்டாருங்ண்ணா?”

“ஏழரைங்க.”

“அதுக்கு மூணு எச்பி ஸ்டார்ட்டர வெச்சு, ஒன்றரை இஞ்ச் பைப்ப மாட்டுனா?”

அவர் சிரித்துவிட்டு மகனைப் பார்த்தார். “இத ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கறதுக்கு என்ன கண்ணு?”

18 வருஷமாக அசெம்பிள் செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் பிராசஸரில்தான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு. மிச்சம் இருக்கும் காசுக்கு ஒரு போர்டு, அதற்கும் மிச்சத்தில் ஒரு எஸ்எம்பிஎஸ். நான் கொட்டேஷன் போடுவது வேறு மாதிரி. என்ன வேலைக்கு, எவ்வளவு பட்ஜெட் என்று தெரிந்து, பிராசஸர் எந்த வகை என்று முடிவானதும், நேராகப் போர்டுக்குப் போய்விடுவேன். எந்தப் பிராசஸர், எந்த ரேம், எத்தனை எஸ்எஸ்டி, எந்தக் கேபினெட் என்பதையெல்லாம் ஏற்கவோ மறுக்கவோ போகிறது அதுதான். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, வாங்கப்போகும் பிராசஸரின் முழுப் பெயரைத் தேடுங்கள். ‘ஐ5’ என்று பொதுவாகத் தேடிப் பிரயோஜனமில்லை. கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும்.

அந்தப் பட்டியலில் பலரும் தாண்டிப் போகும் ஒரு கட்டம் உண்டு: பயாஸ் எண், அதாவது போர்டை எழுப்ப அதற்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேரின் பதிப்பு எண். எச்610, பி660 போர்டுகள் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறைக்காக வந்தவை. 13, 14-ஆம் தலைமுறையும் போர்டில் பிராசஸர் மாட்டும் அதே 1700 சாக்கெட்டில் உட்காரும். ஆனால் கடையில் ரொம்ப நாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால், ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். எங்கள் பாஷையில் ‘நோ டிஸ்பிளே’. போர்டு டெட் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே பழைய ஸ்டாக்கில் இன்னொன்றை வாங்கி, அதுவும் டெட் என்று தலையில் கை வைத்து வந்தவர்கள் உண்டு. என் டிராயரில் ஒரு 12-ஆம் தலைமுறை ஐ3 எப்போதும் கிடக்கும். விற்க மாட்டேன். அதைப் போட்டு போர்டை எழுப்பி, பயாஸை ஏற்றிவிட்டு, வாடிக்கையாளரின் பிராசஸரை மாட்டுவேன். வீட்டில் செய்கிறவர்கள், பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கலாம். 

இப்போது அதிகம் வருவது விண்டோஸ் 11 கேஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. சரி, போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றிவிடலாம் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு 8-ஆம் தலைமுறையை வாங்கி வருகிறார்கள். வீரப்பன்சத்திரத்தில் ஒரு தறி ஆபீஸில் ஒரே நேரத்தில் நான்கு வாங்கிவிட்டார்கள். அவர்களிடம் இருந்தது எச்110 போர்டு. அது 6, 7-ஆம் தலைமுறைக்கு. சாக்கெட் 1151. 8-ஆம் தலைமுறைக்கும் 1151தான். அச்சாக உட்காரும், உயிர் வராது. அதற்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் முக்கியச் சிப்) உள்ள போர்டு வேண்டும். சாக்கெட் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு நான் காட்டுவது இந்த 1151-ஐத்தான்.

இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4. 2022-இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். ஆனால் ஏஎம்4-லும் பயாஸ் பார்க்கத்தான் வேண்டும். அங்கே ஒரு ‘ஜி’ எழுத்துக் கணக்கும் உண்டு: 5600ஜி-க்குள் கிராஃபிக்ஸ் இருக்கிறது, வெறும் 5600-க்குள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் ஓடும் என்றுதான் பொருள். முழு வேகத்தில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. ஐ7-14700கே பல எச்610 போர்டுகளின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பிராசஸர் முழு மூச்சில் 253 வாட் வரை இழுக்கும். விலை குறைந்த போர்டில் பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியின் மேல் சூட்டை இழுக்க ஒரு அலுமினியக் கட்டிகூட இருக்காது. பத்து நிமிஷம் வீடியோ ரெண்டர் போட்டால் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7-க்குக் காசு கொடுத்துவிட்டு ஐ5 வேகத்தில் ஓட்டுவதற்கு, ஐ5-ஐயே வாங்கிவிடலாம்.

எஸ்எம்பிஎஸ் பற்றி எழுதும்போது என் தப்பையும் எழுதிவிடுகிறேன். எட்டு வருஷம் இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேட்டர்ன் ஆபீஸ். கேபிளைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் ஒன்று போய்விட்டது. புதிதும் அதே வகை, வேறு கம்பெனி. உள்ளே ஹார்ட் டிஸ்க்குக்குப் போன பழைய கேபிள்கள் அழகாக டை போட்டுக் கட்டியிருந்தன. அதை ஏன் கலைப்பானேன் என்று, எஸ்எம்பிஎஸ் முனையில் மட்டும் புதியதில் செருகினேன். வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன ‘டிக்’, அப்புறம் வாசம். இரண்டு டிஸ்க்கும் போச்சு. டிஸ்க் பக்க முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தக் காலில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது. டேட்டாவை மீட்க ஆன செலவை நான்தான் கட்டினேன். அதிலிருந்து பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினால் அதன் கேபிளையும் சேர்த்தே கழற்றி, அதே பையில் போட்டுவிடுவேன்.

வாட் கணக்குக்கு வருவோம். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு 115 வாட், ஐ5-12400 அதிகபட்சம் 117 வாட். கூட்டினால் 232. ஆனால் அந்தக் கார்டின் சிப்பைத் தரும் என்விடியா கம்பெனி சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். நொடிக்குள் ஏறி இறங்கும் இழுவை, மற்ற பொருட்கள், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயதாவது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். பக்கத்து லேபிளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்தான் இருந்தது. 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் இழுப்பது முக்கால்வாசி இந்த வரியில்தான். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைச் சொல்லும், அவ்வளவே. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு அது சான்றிதழ் அல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸோடு யூபிஎஸ்ஸும் பொருந்த வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். அதிலும் விலை குறைந்தவை பேட்டரிக்கு மாறும்போது படி படியான அலையைத்தான் தரும். இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அதைப் பார்த்ததும் பொசுக்கென்று அணைந்துவிடும். கேம் ஆடும் சிஸ்டத்துக்கு, சீரான அலை தரும் சைன் வேவ் யூபிஎஸ்ஸாகப் பாருங்கள். அப்புறம், “கேபினெட்டத் தொட்டா சுருக்குங்குதுங்க” என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது எர்த் பற்றித்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாக மெல்லிய கசிவு கேபினெட்டுக்கு வரும். எர்த் இருந்தால் அது வழியாகப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகும். சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேபினெட்டுக்கு மூன்று அளவு போதும்: போர்டின் சைஸ், கார்டின் நீளம், கூலரின் உயரம். மூன்று ஃபேன் கார்டுகளில் பல 300 மில்லிமீட்டரைத் தாண்டும். நம் பக்கத்துக்கென்று நான் சேர்க்கும் நான்காவது விஷயம் பஞ்சு. சோமனூர், பல்லடம், சென்னிமலை என்று தறிக்குப் பக்கத்தில் சிஸ்டம் வைத்திருந்தால், ஆறு மாதத்தில் கூலரின் இடுக்குகளில் பஞ்சு படிந்து, மெத்தை மாதிரி பிய்த்து எடுக்கலாம். முன்பக்க வலை ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட்டு மாட்டுகிற மாதிரி கேபினெட் வேண்டும். ஆர்ஜிபி லைட்டுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டர்ன் பிளாட்டர், எம்பிராய்டரி மெஷின் எல்லாம் இன்னும் சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பில் ஓடுகிற ஆபீஸ்கள் இங்கே உண்டு. புதுப் போர்டுகள் பலவற்றின் பின்னால் அது இருக்காது. ஆனால் சில போர்டுகளில் உள்ளே ‘காம்’ என்று எழுதிய பின் வரிசை இருக்கும். சின்ன பிராக்கெட் வாங்கி வெளியே இழுத்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேருக்குப் பூட்டாக வரும் டாங்கிளுக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பிராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், துணி வெட்டுவதற்கான மார்க்கர் பிரிண்ட் போகாவிட்டால் கட்டிங் டேபிளில் ஆள் சும்மாதான் உட்கார்ந்திருப்பான்.

கொடுமுடித் தம்பியின் கதை மீதி இருக்கிறது. போர்டை மாற்றுவதா, ரேமை மாற்றுவதா என்று பார்த்தோம். இரண்டுக்கும் திருப்பி அனுப்பும் நாள் முடிந்திருந்தது. அவன் காலேஜ் வேலைக்கு டிடிஆர்4 போதும் என்பதால் போர்டை வைத்துக்கொண்டு, என்னிடம் இருந்த 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டும், செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டும் போட்டுக் கொடுத்தேன். பிரிக்கப்பட்ட டிடிஆர்5 ரேமை யாராவது கேட்டால் விற்றுத் தருகிறேன் என்று கண்ணாடி அலமாரியில் வைத்தேன். புரட்டாசி வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் வருஷக் கடைசியில் ரேம் விலை தறிகெட்டு ஏறியது உங்களுக்கே தெரியும். தை பிறந்து, ஒருவர் வந்து அந்த இரண்டையும், தம்பி வாங்கிய விலையைவிட அதிகம் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். பணத்தை வாங்கிக்கொள்ள அப்பாதான் வந்தார். எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

“ஏனுங்க, மஞ்சளக் குடோன்ல இருப்பு வெச்ச மாதிரியில்ல ஆயிப்போச்சு!” என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, “இத அவன்கிட்டச் சொல்லீறாதீங்க. இன்னொரு பெட்டி வாங்கீருவான்” என்றார்.