19ஆம் சனலில் வன்னியில் யார் கேட்கிறார்கள்?

வாகனத்தில் சி.பி. வானொலி (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி வானொலி) பொருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "19ஆம் சனலில் விட்டால் போதும்தானே?" என்பதுதான். கனடாவில் லொறி ஓட்டும் சித்தப்பா சொல்லியிருப்பார். ஊருக்கு வரும்போது கருவியையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பார். அவர் சொன்னது அவர் ஓடும் வீதிக்குச் சரி. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குளக்கரைப் பாதையில் பிக்கப் புதைந்து நிற்கும்போது, 19இல் எவ்வளவு நேரம் கூப்பிட்டாலும் பதில் சொல்ல எவரும் இல்லை.

அந்த எண்ணுக்கு எப்படி மதிப்பு வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். வட அமெரிக்காவில் சி.பி. என்பது 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் உள்ள 40 சனல்கள். 26.965இல் தொடங்கி 27.405இல் முடிகின்றன. 1977ஆம் ஆண்டு வரை 23 சனல்கள்தான் இருந்தன. 9ஆம் சனலை அவசர உதவிக்கென்று அமெரிக்க அரசே ஒதுக்கியது. 19ஐ அப்படி எவரும் ஒதுக்கவில்லை. லொறி ஓட்டுநர்கள் முன்பு 10இல் பேசினார்கள். பக்கத்துச் சனலில் பலமான அலை வந்தால் அதன் இரைச்சல் 9இலும் கசியும் என்பதால் விலகி 19க்குப் போனார்கள். போனவர்கள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் இருந்தபடியால் அது நெடுஞ்சாலைச் சனல் ஆயிற்று. காட்டுவழி ஓட்டும் கழகங்கள் 4ஐ அல்லது 16ஐ எடுத்துக்கொண்டதும் இப்படித் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துத்தான்.

நாடு மாறினால் எண்ணின் பொருளும் மாறிவிடும். பிரித்தானியாவின் பழைய எஃப்.எம். கருவியில் 19 என்பது 27.78125 மெகாஹேர்ட்ஸ், அமெரிக்கக் கருவியில் 27.185. இரண்டு கருவியிலும் ஒரே எண் தெரியும், ஒன்றை மற்றது கேட்காது. அவுஸ்திரேலியாவில் இன்று பெரிதும் பயன்படுவது 477 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் யூ.எச்.எஃப். சி.பி. அங்கே 80 சனல்கள். நெடுஞ்சாலைக்கு 40, காட்டுவழியில் சேர்ந்து ஓடும் வண்டித் தொடரணிக்கு 10, அவசரத்துக்கு 5உம் 35உம். முல்லைத்தீவுக் கடற்கரையில் 16 என்றால் கடல்சார் வானொலியின் ஆபத்து அழைப்பு, 156.8 மெகாஹேர்ட்ஸ். இரண்டு வண்டிகளில் இரண்டு நாட்டுக் கருவிகளைப் பூட்டிவிட்டு "நாங்கள் எல்லோரும் 16இல் நிற்கிறோம்" என்று நம்பிப் புறப்படுவதைப் போல ஆபத்து வேறு இல்லை. ஒரே நாட்டுக் கருவிகள் என்றாலும் ஒன்று ஏ.எம். முறையிலும் மற்றது எஃப்.எம். முறையிலும் நின்றால் பேச்சு விளங்காது.

சனலைத் தெரிவு செய்வதற்கு முன் உரிமம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, அலை அனுப்பும் கருவியை வைத்திருப்பதற்கும் இயக்குவதற்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவர நினைக்கும் உறவினர்கள் வாங்குவதற்கு முன்பே ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கட்டும். ஒரு பற்றரிக்கும் தடை இருந்த காலத்தைக் கண்ட மண் இது. உரிமம் இல்லாத கருவியைக் காவல் தடையில் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைக்கு ஓட்டுநரைத் தள்ளக் கூடாது. உரிமம் இல்லாத கருவியை நான் பூட்டிக் கொடுப்பதில்லை.

உரிமம் எந்த மீடிறனை (மெகாஹேர்ட்ஸில் சொல்லும் அலை எண்ணை) அனுமதிக்கிறதோ அதற்குள்தான் தெரிவு. என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது அன்ரனாவை. 27 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர். கால் அலை அன்ரனா என்றால் 2.7 மீற்றர். அவ்வளவு நீளத்தைக் கூரையில் நிறுத்திக்கொண்டு பாலைமரக் கொப்புகளுக்குக் கீழே ஓட முடியாது. ஆகவே அடியில் சுருள் வைத்த குட்டை அன்ரனாதான் பூட்டுகிறோம். குட்டை அன்ரனா எல்லாச் சனலிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 1, 20, 40 ஆகிய மூன்றிலும் நிலையலை விகிதத்தை (அனுப்பும் அலை அன்ரனாவில் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்ணை) அளந்து பாருங்கள். 1.5க்குள் நின்றால் நல்லது. 3ஐத் தாண்டும் சனலில் பேச்சுப் பொத்தானை அழுத்தவே வேண்டாம், கருவி கெட்டுப்போகும். நடுச் சனல்களுக்கு இசைத்து வைத்துவிட்டு, தொடரணிச் சனலையும் அந்தப் பக்கத்திலேயே எடுப்பதுதான் என் வழக்கம். அது பயன்படாதபோது போவதற்கான மாற்றுச் சனல் குறைந்தது ஐந்தாறு எண்கள் தள்ளியிருக்கட்டும். அடுத்த எண்ணை எடுத்தால் அருகில் நிற்கும் வண்டியின் குரல் அங்கேயும் கசியும். 23ஐத் தவிர்த்து விடுகிறேன். அந்த மீடிறனைத் தொலையியக்கிக் கருவிகளும் பகிர்கின்றன.

தெரிவு செய்த சனலில் முதலில் கொஞ்ச நேரம் கேளுங்கள். பகலில் எங்கோ தொலைநாட்டுப் பேச்சு கேட்கலாம். 27 மெகாஹேர்ட்ஸ் அலை வானத்து அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகக்கூடியது; சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தை நெருங்கும்போது இது மிகும். 2024இல் உச்சக் கட்டம் வந்தது, அதன் தாக்கம் உடனே அடங்கிவிடாது. அந்த இரைச்சலோடு 4 வாற்றுக் கருவியை வைத்து மல்லுக்கட்டாமல் மாற்றுச் சனலுக்குப் போய்விடுவதே வழி. எந்த நேரத்தில், எத்தனை முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் மாறுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஒருவர் மாறி மற்றவர் மாறாமல் நின்றால் இருவருமே தனியாளாகிவிடுவார்கள்.

வெட்டையான வயல்வெளியில் நன்றாகக் கேட்கும் குரல், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுக்குள் இரண்டு மூன்று கிலோமீற்றரிலேயே தேய்ந்துவிடும். 27 மெகாஹேர்ட்ஸ் இலைச்செறிவை யூ.எச்.எஃப்.பை விட ஓரளவு நன்றாகத் தாண்டும். ஆனால் அன்ரனா கூரை நடுவில் நிற்காமல் பின்பம்பரில் தொங்கினால் அந்த நன்மை போய்விடும். ஏ-9 வீதியில் வருகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பார்கள். சனலைச் சோதிக்கத் தோதான இடம் அது. முன்வண்டி புறப்பட்டுச் சற்றுத் தூரம் போனதும் பின்வண்டியிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கலாம்.

கண்ணிவெடி அகற்றும் இடத்துக்கு அருகிலோ கல் உடைக்கும் குவாரிக்கு அருகிலோ போகும்போது கருவியை முழுதாக அணைத்துவிடுங்கள். மின்சாரத்தால் வெடிக்கும் தூண்டிகளை அலை அனுப்பும் கருவி தவறுதலாக இயக்கிவிடக் கூடும் என்பதால்தான் அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள். வானொலித் தொடர்பு சரியாக இல்லை என்று வண்டியை மேட்டில் ஏற்றப் பார்க்க வேண்டாம்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படித் துண்டுபட்டன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைப் போன்ற நேரத்தில் 9ஆம் சனலில் கூப்பிட்டு உதவி வரும் என்று காத்திருக்காதீர்கள், இங்கே அதை எவரும் கண்காணிப்பதில்லை. உதவி என்றால் காவல்துறைக்கு 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990. கைபேசி சிக்னல் கடைசியாகக் கிடைத்த இடத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வண்டிகள் போய் ஒன்றுக்கு ஆபத்து நேர்ந்தால், இன்னொரு வண்டி சிக்னல் கிடைத்த இடத்துக்குத் திரும்பி அழைப்பை எடுக்கட்டும். மூன்றாவது பாதி வழியில் நின்று இரு பக்கமும் கேட்டு, செய்தியை அப்படியே வாய்மாற்றிச் சொல்லட்டும். மூன்று வண்டிகளும் பேசி வைத்த அதே சனலில் நின்றால் இதற்கு வேறு எந்தக் கருவியும் தேவையில்லை.