ரோட்டில் ஆமையைக் கண்டால் எங்கே விடுவது?

போன மாதம் ஒரு நாள் மத்தியானம். விடிய விடிய பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் பெரியவர் ஒருவர் வேலை முடிந்து திரும்பும் வழியில் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முன் கூடையில் வாய் கட்டிய ஓர் உரச் சாக்கு.

"ரோட்டு நடுவுல போய்க்கிட்டு இருந்துச்சும்மா. லோரி ஏறிடுமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். கோயில் கொளத்துல விட்டுறட்டுமா?"

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில், காண் எனும் வடிகால்களிலும் ஓடைகளிலும் வாழும் ஆமைகளைக் கணக்கெடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியைப் பல வருடங்களாக என்னிடம் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அந்த நல்ல மனசே ஆமைக்குக் கேடாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாக்கைப் பிரித்தேன். மலாய்க்காரர்கள் கூரா-கூரா காத்தூப் என்று சொல்லும் ஆமை. சட்டியைக் கவிழ்த்த மாதிரி உயர்ந்த கறுப்பு ஓடு. பயந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, அடியோட்டைக் கதவு போல் தூக்கி அடைத்துக்கொள்ளும். அடியோட்டின் குறுக்கே ஒரு கீல் இருக்கிறது. காத்தூப் என்றால் மூடுவது, பெயரே அதுதான்.

ஓட்டின் ஓரத் தகடுகளை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இடது பக்கம் இரண்டு சிறிய பள்ளங்கள், வலது பக்கம் ஒன்று. தேய்ந்திருந்தாலும் விரலுக்குத் தெரிந்தது. என் அரம் ராவிய பள்ளங்கள் அவை.

எங்கள் வேலை இப்படித்தான். சாயங்காலம் வளையக் கூண்டில் மீன் துண்டு கட்டி, காணில் பாதி மூழ்கும்படி வைப்போம். உள்ளே ஒரு காலி எண்ணெய்ப் போத்தலையும் போடுவோம். ராத்திரி மழையில் தண்ணீர் ஏறினாலும் கூண்டின் மேல்பக்கம் மிதக்க வேண்டும். ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது நுரையீரலால். காற்று கிடைக்காவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். விடிந்ததும் எடுத்து, நீளம் அளந்து, எடை போட்டு, ஓரத் தகட்டில் அந்த ஆமைக்கென்று ஓர் எண்ணைப் பள்ளமாக ராவி, பிடித்த இடத்திலேயே விடுவோம். அடுத்த முறை மாட்டுபவற்றில் எத்தனை பழையவை, எத்தனை புதியவை என்று பார்த்துத்தான் மொத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கிறோம்.

பழைய நோட்டைப் புரட்டினேன். ஆறு வருடத்துக்கு முன் அதே தோட்டத்தில், அதே காணில் பிடித்த பெண் ஆமை. இத்தனை வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"எந்தப் பக்கம் பாத்துப் போச்சுங்க பெரியவரே?"

கொஞ்சம் யோசித்தார். "காண் பக்கத்துலேர்ந்து மேட்டுப் பக்கம்."

ஆமையைத் தரையில் வைத்துவிட்டு, அசையாமல் காத்திருந்தோம். கால் மணி நேரம் ஆனது. முன்கதவு ஒரு விரல்கடை திறந்தது. மஞ்சள் கோடு ஓடும் மூக்கு வெளியே வந்தது, அப்புறம் கால். பின்னங்காலுக்கு முன்னால் உள்ள தோல் மடிப்பில் விரல் நுனியை மெல்ல வைத்தேன். நீள்வாட்டில், கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. முட்டை. மேட்டு மண்ணில் முட்டை இடப் போய்க்கொண்டிருந்தவளைத்தான் நாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்த இனம் ஒரு தடவைக்கு இடுவது பெரும்பாலும் இரண்டே முட்டை. அதையும் உடும்பும் காட்டுப்பன்றியும் தோண்டித் தின்னும். பொரித்த குஞ்சு பருவத்துக்கு வரப் பல வருடம் ஆகும்; அதற்குள் பெரும்பாலானவை செத்துவிடும். வருடா வருடம், பல காலம் இட்டுக்கொண்டே இருந்தால்தான் ஒரு பெண் ஆமை தன் இடத்துக்கு இன்னொன்றை விட்டுப்போக முடியும். 1987இல் அமெரிக்காவில் கடலாமைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, முட்டையை மட்டும் காப்பாற்றினால் போதாது, வளரும் பருவத்திலும் வளர்ந்த பிறகும் ஆமைகள் சாவதைத் தடுக்காவிட்டால் கூட்டம் தேய்ந்துகொண்டேதான் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. காணில் வாழும் ஆமைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நம் பேராக் ஆற்றையே பாருங்கள். அங்குள்ள துந்தோங் ஆமை மணல் திட்டில் ஏறி முட்டையிட்டு மூடிய பின், உடம்பைத் தூக்கித் தூக்கி மணலை அடிக்கும். அந்தச் சத்தமே அதன் பெயர் என்பார்கள். அதன் முட்டையை எடுப்பது ஒரு காலத்தில் பேராக் சுல்தானின் அரச உரிமை. போத்தா கானானில் 1960களின் இறுதியிலிருந்து வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விடுகிறது. அவ்வளவு உழைத்தும் உலக அளவில் துந்தோங் இன்று அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது. மணல் அள்ளுவதும், வலையில் தாய் ஆமைகள் சிக்கிச் சாவதும் நிற்கவில்லையே. திரெங்கானுவில், கெமாமான் ஆற்றோரக் கிராமத்து மக்களையே சேர்த்துக்கொண்டு மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம் 2011 முதல் செய்துவரும் வேலை எனக்குத் தெம்பு தருகிறது. ஆற்றோடு வாழ்பவர்கள் காவல் இல்லாமல் எந்தத் துறையும் தனியாகச் சாதிக்க முடியாது.

காத்தூப் ஆமைக்கு இன்னொரு ஆபத்து வியாபாரம். இறைச்சிக்கும் மருந்துக்கும் மூட்டை மூட்டையாகப் போகிறது. 2001 டிசம்பரில் ஹாங்காங்கில் பிடிபட்ட சரக்கில் சுமார் 10,000 ஆமைகள் உயிரோடு அடுக்கப்பட்டிருந்தன. அதில் இந்த இனமும் இருந்தது. தோட்டத்துப் பக்கம் யாராவது கிலோ கணக்கில் ஆமை வாங்க வந்தால் பெர்ஹிலித்தானுக்குத் தெரியப்படுத்துங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

கோயில் குளத்துக்கு வருகிறேன். புண்ணியம் என்றுதான் விடுகிறார்கள். நான் பார்த்த ஒரு குளத்தில் நாலு பக்கமும் செங்குத்தான சிமெண்டுச் சுவர். ஏறி வெயில் காய இடமில்லை, முட்டை இட மண்ணில்லை. முட்டையை வெளியேற்ற முடியாமல் பெண் ஆமை உள்ளுக்குள்ளேயே நோவுபட்டுச் சாகும். போதாததற்கு, கடையில் வாங்கி வளர்த்து அலுத்துப்போய்க் கொண்டுவந்து விட்ட சிவப்புக் காது ஆமைகள் அங்கே நிறைய. அமெரிக்க ஆமை அது. இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நிர்வாகத்தினரிடம் உட்கார்ந்து பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு மூலையில் சாய்தளம் கட்டி மணல் கொட்டினார்கள், ஆமை விட வேண்டாம் என்று பலகையும் வைத்தார்கள். அவர்களுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழிக்குப் பயந்து தூர எறிபவர்களும் உண்டு. மழைக்குக் காண் நிரம்பினால் அது வாசலுக்கு வரத்தான் செய்யும். மண்வெட்டியால் தள்ள வேண்டாம், வழி விட்டால் தானே போய்விடும்.

நானும் தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரோட்டில் கிடைத்த ஓர் ஆமையை 'நல்ல இடம்' என்று தொலைவில் உள்ள காட்டு ஓடையில் விட்டேன். ஆமைக்குத் தன் இடம் தெரியும். தெரியாத இடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி நடந்து, போகும் வழியில் ரோடு ரோடாகக் கடக்கும். அது என்ன ஆனதோ. இன்றும் மனசு உறுத்துகிறது.

ஆகவே, ரோட்டில் கண்டால் அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறதோ அந்தப் பக்கமே தூக்கி ஓரத்தில் விடுங்கள். இரண்டு கையாலும் ஓட்டின் பக்கவாட்டில் பிடியுங்கள், வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். மெத்தென்ற ஓடுள்ள லாபி-லாபி என்றால் கவனம், அதன் கழுத்து நீண்டு முதுகுவரை திரும்பிக் கடிக்கும். சாக்கில் ஏற்றி இழுத்துவிடுங்கள். அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். முட்டையைக் கண்டால் தொடாதீர்கள். புரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துவிடும்.

அன்று சாயங்காலமே பெரியவரோடு அந்த இடத்துக்குப் போனேன். மேட்டுப் பக்கம், புல்லில் இறக்கிவிட்டோம். ரொம்ப நேரம் மூடியே கிடந்தது. பிறகு கதவு திறந்து, விட்ட வழியிலேயே நடந்தது.

"முட்ட போட்டுட்டு மறுபடி ரோட்டத் தாண்டித்தானம்மா காணுக்கு வரணும்?" என்றார்.

"ஆமாங்க."

மறுநாள் காலையில், வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டில், அந்த இடத்தைச் சொல்லி, லோரி ஓட்டுபவர்களை மெதுவாகப் போகச் சொன்னாராம்.