நேத்ராணியில் டைவ், அன்று இரவே பெங்களூரு பஸ்: ஏன் கூடாது?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் உள்ள காற்றழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குதான் இங்கே. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவது அதனால்தான். அன்றாட வாழ்க்கையில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் பிள்ளைகளோடு ஸ்கூபா டைவிங் போக நினைக்கும் பெங்களூருத் தமிழர்கள், டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். டைவிங்கைப் பொறுத்தவரை இந்த ஊர் ஒரு மலை. முருடேஸ்வருக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவில் பகலில் டைவ் செய்துவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புவதும், புதுச்சேரியில் ஞாயிறு காலை டைவ் முடித்துச் சாப்பிட்ட கையோடு கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் காரில் ஏறி வருவதும், உடலைப் பொறுத்தவரை விமானம் ஏறுவது போன்ற காரியங்கள்தான்.

காரணம் நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். தரையில் அது உள்ளே போகிறது, அப்படியே வெளியே வருகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது: 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. சிலிண்டரிலிருந்து, வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் கருவி தரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும்; இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சு விரியாது. அழுத்தம் கூடக் கூட ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜனும் கூடுகிறது. மேலே வரும்போது அது கரைந்த வழியிலேயே, நுரையீரல் வழியாக, நிதானமாக வெளியேற வேண்டும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கோலி சோடாவைத் திறந்ததுபோல உள்ளேயே குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி, தோல் தடிப்பு, மரமரப்பு, மோசமான நிலையில் கை கால் விளங்காமல் போவது என்று வருவதெல்லாம் இந்தக் குமிழிகளின் வேலை.

உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து 1908-இல் வெளியிட்ட ஆய்வு, அழுத்தம் பாதியாகக் குறையும் வரை உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது என்று காட்டியது. பின்னால் வந்தவர்கள் இந்த விகிதத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். ஆனாலும் கணக்கைப் புரிந்துகொள்ள இதுவே போதும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து கடல் மட்டத்துக்கு வந்தால் விகிதம் 2. பெங்களூருக்கு ஏறினால் 2.2. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளே இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலைக்குச் சமம். ஊட்டி இருப்பதும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். 2,400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2.7 ஆகிவிடுகிறது. தண்ணீரை விட்டு வெளியே வந்தபின்னும் ‘மேலே வருவது’ முடியவில்லை என்பதுதான் இதன் பொருள்.

ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். பெரும்பகுதி சரியாகிவிடும், முழுவதும் அல்ல. ரத்தம் நன்றாக ஓடும் திசுக்கள் சேர்த்துக்கொண்ட நைட்ரஜனில் பாதியைச் சில நிமிடங்களில் விட்டுவிடும். கொழுப்பும் மூட்டுகளும் மெதுவானவை. டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருக்கும் கணித மாதிரியில், மிக மெதுவான திசுப் பிரிவிலிருந்து நைட்ரஜனில் பாதி வெளியேறவே 635 நிமிடங்கள், அதாவது பத்தரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து டைவ் செய்தவருக்கு முந்தைய நாள் பாக்கியின் மேல் மறுநாள் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

அதனால் உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை இது: சாதாரண டைவ் ஒன்று மட்டும் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாட்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். இந்த அறிவுரை 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. பெங்களூரு அதற்குள் வந்துவிடுகிறது. முதல்முறைக்காரர்களை இறக்கும் 6 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சேரும் நைட்ரஜன் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் நேத்ராணி டைவ் முடிந்த அன்றிரவு முருடேஸ்வரிலேயே அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை ஹொன்னாவர், சாகர், சிவமொக்கா வழியாகக் கிளம்புவதுதான் சரி. மிச்சமாகும் ஒரு நாள் விடுப்புக்காக இந்த விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

அந்தமானுக்குப் போவதானால் திட்டத்தைத் திரும்பி வரும் விமானத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஞாயிறு மதியம் 2 மணிக்கு விமானம் என்றால் 18 மணி நேரக் கணக்கு சனி இரவு 8 மணியில் வந்து நிற்கும். அது குறைந்தபட்சம்தான். குழந்தைகள் இருக்கும் குடும்பம் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். வெள்ளியோடு டைவ்களை முடித்துவிட்டு, சனிக்கிழமை ஹேவ்லாக்கிலிருந்து படகில் போர்ட் பிளேருக்கு வந்து செல்லுலார் சிறையைப் பார்த்தால் அந்த நாளும் வீணாகாது. (ஹேவ்லாக்கின் இப்போதைய பெயர் சுவராஜ் தீவு, போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயரும் இருக்கலாம்.) போகும்போது இந்தத் தடை எதுவும் இல்லை. பள்ளி விடுமுறையில் ஏப்ரல் மாதம் நல்லது. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமானைத் தொட்டுவிடும். கடல் கலங்கினால் படகும் நிற்கும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது காதுதான். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று, அழுத்தம் கூடும்போது சுருங்குகிறது. மொத்தச் சுருக்கத்தில் பெரும்பங்கு முதல் 10 மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. அங்கே கன அளவு பாதியாகிறது. எனவே ‘கொஞ்சம் ஆழம்தானே’ என்ற ஆறுதல் காதுக்குப் பொருந்தாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறந்து காற்று உள்ளே போகும். ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே, இதைச் செய்ய வேண்டும். வலித்த பிறகு ஊதினால் குழாயின் வாய் அழுந்தி ஒட்டிக்கொண்டு திறக்காது. அப்போது பலமாக ஊதுவதுதான் பெரிய தவறு, உள்காதுவரை பாதிக்கலாம். ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் சிறியது, படுக்கைவாட்டமானது, சளியில் சீக்கிரம் அடைபடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் மூக்கைப் பிடித்து ஊதிப் பழகட்டும். சளி இருந்தால் டைவ் கிடையாது. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் ஆபத்து. பாதியில் மருந்தின் வேகம் குறைந்தால், ஏறும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பெரிய பயிற்சி அமைப்புகளின் விதிப்படி கடலில் டைவ் செய்யக் குறைந்தபட்ச வயது 10. பத்து, பதினொரு வயதுக்கு 12 மீட்டர் ஆழம் எல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு நீச்சல்குளத்தில் 2 மீட்டர் வரைதான். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை சிகிச்சை எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். கையெழுத்துப் போடும் மருத்துவரை ஊரிலேயே பார்த்துவிடுங்கள். பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. ஒருவர் படகில், குழந்தையின் பக்கத்தில் இருக்கட்டும்.

சான்றிதழ் வகுப்பு எடுக்க விரும்புகிறவர்கள் பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் பெங்களூரிலேயே முடித்து, அதற்கான ரெஃபரல் கடிதத்துடன் போனால், தீவில் கடல் டைவ்கள் நான்கு மட்டுமே மிச்சம்; இரண்டு நாளில் முடியும். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால், கையை எடுத்த பிறகும் ஒட்டி நிற்க வேண்டும். நீச்சல் கண்ணாடி உதவாது. மூக்கு அதற்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் கண் சிவந்து ரத்தம் கட்டும்.

காற்றின் கணக்கும் அழுத்தத்தோடு போவதுதான். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் இருப்பது 2,200 லிட்டர். கடைசி 50 பாரைத் தொடக் கூடாது என்பதால் கையில் 1,650 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். 41 நிமிடம் தாங்கும். 20 மீட்டரில் 27 நிமிடம்தான். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குகிறவருக்கு இதில் பாதிகூடத் தேறாது.

பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதி மட்டும் சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: மூச்சை அடக்காதே. 10 மீட்டரில் நிரம்பிய நுரையீரல் மேலே வருவதற்குள் இருமடங்காக விரியப் பார்க்கும். நிரம்பிய நுரையீரலோடு ஒரு மீட்டர் சொச்சம் ஏறினாலே கிழிய வாய்ப்புண்டு. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் இருக்கட்டும். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வாருங்கள். அந்த மூன்று நிமிடத்தில் வெளியேறும் நைட்ரஜன் பெரிய பாதுகாப்பு. டைவுக்கு முன்னும் பின்னும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

முன்பணம் கட்டும்போதே டைவ் மையத்திடம் கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, மிக அருகில் உள்ள மறுஅழுத்த அறை (குமிழிகளைச் சுருக்க உடலை மீண்டும் உயர் அழுத்தத்தில் வைக்கும் அறை) எங்கே? பதில் தெளிவாக வராவிட்டால் வேறு மையம் பாருங்கள். டைவ் முடிந்து ஒரு நாளுக்குள் காரணம் தெரியாத மூட்டுவலி, அசாதாரணக் களைப்பு, தோல் தடிப்பு, மரமரப்பு எது வந்தாலும் உடனே ஆக்சிஜன் கொடுத்து, டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். டிக்கெட் வீணாகிறதே என்று அந்த நிலையில் விமானத்திலோ மலைப்பாதையிலோ ஏற்றினால், இருக்கும் குமிழிகள் இன்னும் பெரிதாகும்.