பிரஸ்டீஜ் பார்த்துப் போடும் கையெழுத்து

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். "பிரஸ்டீஜ் பிரச்சினை சார்" என்று யாராவது வந்து சொல்லாமல் ஒரு வாரம் கழிவதில்லை. கௌரவம், அந்தஸ்து என்ற பொருளில் நாம் தாராளமாகப் புழங்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், சிலராவது கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

லத்தீனில் 'பிரேஸ்டிஜியே' என்றால் செப்படி வித்தைக்காரன் செய்யும் மாயம். அதற்கு அடியான வினைச்சொல்லுக்கு இறுகக் கட்டுவது, பார்வையை மங்கவைப்பது என்று பொருள். நம் ஊரில் கண்கட்டு வித்தை என்கிறோமே, அதேதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் பொருள் மாறவில்லை. 1656-இல் வெளியான தாமஸ் பிளவுண்டின் அகராதி இதற்கு ஏமாற்று, மோசடி, மாயத் தோற்றம் என்றுதான் பொருள் சொன்னது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் மதிப்பு, செல்வாக்கு என்ற பொருள் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. நெப்போலியன் மக்களை மயக்கி வைத்திருந்ததைப் பற்றிய பேச்சில் அது அதிகம் அடிபட்டது. இன்று பெருமைக்குரிய கல்லூரி, விருது என்றெல்லாம் சொல்ல உதவும் 'பிரஸ்டீஜியஸ்' கூட முன்பு ஏமாற்றும் என்ற பொருளில்தான் இருந்தது. நமக்கு இப்போது அது குக்கர் பெயராகவும் வீட்டுக்குள் வந்துவிட்டது, சரி.

அகராதியில் பழைய பொருள் வழக்கொழிந்துவிட்டது. என் மேசைக்கு முன்னால் இன்னும் ஒழியவில்லை.

கடை வைத்திருக்கும் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு 5 லட்சம் தனிநபர் கடன் வாங்கியிருந்தார். 14 சதவீத வட்டி, 5 வருடம். மாதத் தவணை 11,634 ரூபாய். வியாபாரம் சுணங்கியது. எங்களிடம் வந்து சொல்லவில்லை. வெளியே ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கி நான்கு தவணை கட்டினார். ஐந்து வட்டி என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். மாதம் 2,500 ரூபாய் வட்டிக்கே போகும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 14 சதவீதக் கடனைக் காப்பாற்ற 60 சதவீதக் கடன்! கடைசியில் வந்தபோதும், தெரிந்தவர் யாராவது உள்ளே வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "நோட்டீஸை வீட்டுக்கு அனுப்பாதீங்க சார், கடைக்கு அனுப்புங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து போற இடம்." முதல் தவணை தடுமாறியபோதே வந்திருந்தால் கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்க முடியுமா என்று பார்த்திருப்போம். தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் எங்கள் கையும் பாதி கட்டப்பட்டதுதான்.

இதைவிட என்னை வருத்துவது ஜாமீன் கையெழுத்து. மச்சான் கேட்டார், முடியாது என்றால் மரியாதையாக இருக்காது என்று, படிவத்தைப் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதானே" என்று சொல்லிக்கொண்டே போடுபவர்களும் உண்டு. சாட்சி வேறு, ஜாமீன் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று வங்கியிடம் சொல்ல முடியாது. அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும், அதாவது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு உங்கள் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

உறவுக்காரர் ஜாமீன் கேட்டால் கடன் தொகை, தவணை, காலம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். படித்துப் பார்க்க நேரம் கேட்பதில் தவறில்லை. அந்தத் தவணையை நீங்களே கட்ட வேண்டி வந்தால் உங்கள் சம்பளம் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாங்காது என்றால் "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை மச்சான்" என்றே சொல்லிவிடலாம். ஏற்கெனவே ஜாமீன் போட்டிருந்தால் அந்தக் கடன் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று அவ்வப்போது கிளையில் விசாரியுங்கள். முதல் தவணை தவறும்போதே உங்களுக்குத் தெரிந்தால், மச்சானையும் அழைத்துக்கொண்டு வங்கிக்கு வர நேரம் இருக்கும்.